அட்சயாவின் காது

எங்கள் ஆட்கள் காதுக் கருவியைத் தொலைப்பது பெரும்பாலும் கோயிலில்தான். மேளம் தொடங்கியதும் இரைச்சல் தாங்காமல் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி மடியில் வைப்பார்கள். தீபாராதனைக்கு எழும்பும்போது அது எங்கேயோ விழுந்துவிடும். திங்கட்கிழமை காலை என் கடை வாசலில் நிற்பார்கள். பதினெட்டு வருடமாக ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில், காது சோதித்துக் கருவி பொருத்தும் வேலை செய்கிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் ஸ்காபரோவில் பாதிச் சனம் என்னைக் காது டொக்டர் என்றுதான் சொல்லும். நானும் மறுத்ததில்லை.

நீங்கள் ஆங்கிலத்தில் வாக்குமூலம் கேட்டீர்கள், நான் தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வாகீசன். மனைவி யோகராணி. ஒரே மகள் அட்சயா, வயது பதினைந்து.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில் பழக்கம். சோதனை அறையில் ஆளை இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்துங்கோ என்று சொல்வேன். பாதிப் பேர் கேட்காமலே அமத்துவார்கள். அதனால் நான் பொத்தானைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன்.

அட்சயாவின் முகம் மாறியது அவளுடைய பதினோராவது வயதில். மோர்னிங்சைட்டில் மெலிசா என்ற வகுப்புத் தோழியின் பிறந்தநாள். கூட்டிவரப் போனேன், மகள் மேலே வரவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். மெலிசாவின் தாய் இளமையில் ஏதோ ரொக் குழுவில் வாசித்தவராம். அந்த அம்மாவின் பழைய மின்கிற்றார் என் பிள்ளையின் மடியில் கிடந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம் கேளுங்கோ," என்றாள்.

ஒரு தட்டுத் தட்டினாள். சுவர் அதிர்ந்தது. அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான்கு வயதிலிருந்து வயலின் வாசிக்கிறாள், ஒருநாள்கூட அந்த முகம் வந்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

காரில் வரும்போது, "வயலின் நீங்கள் தந்தது அப்பா. இது நானா எடுத்தது," என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. சந்தோசத்தில் சொன்னாள்.

அதன்பிறகு எல்லாம் மாறியது. அறைக் கதவு சாத்தப்பட்டது. சாப்பாட்டு மேசையிலும் விரல்கள் தாளம் போட்டன. மெலிசாவின் தாய் கிற்றாரை இரவலாகக் கொடுத்துவிட்டார். அந்த மனுசிக்கு என் பிள்ளையில் ஏன் இவ்வளவு அக்கறை என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பதின்மூன்று வயதில் வயலின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்தோம். சேலை உடுத்த அவளுடைய படத்துடன் முந்நூறு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அப்போது வந்து, "சொறி அப்பா, அரங்கேற்றம் செய்யேல்லை. ஸ்கூல் பாண்டில வாசிக்கப் போறன்," என்றாள். யோகராணி அழுதாள். வேறு தகப்பன் என்றால் கிற்றாரைத் தூக்கி நிலத்தில் அடித்திருப்பான். நான் யோசிக்கிறவன்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் சோதனை அறையில் இருத்தினேன். ஆகச் சின்னச் சத்தத்துக்கும் அவள் பொத்தானை அமத்தினாள். அவ்வளவு நல்ல காதை நான் சோதித்ததில்லை. பிறகு கணினியில் என் வாடிக்கையாளர் ஜெயரட்ணம் அங்கிளின் சோதனைத் தாளை எடுத்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு காதும் மந்தம். பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றி அச்சடித்து மகளின் கையில் கொடுத்தேன்.

"நான் செவிடாகிடுவனா, அப்பா?"

"உந்தக் கிற்றார்ச் சத்தத்தை விட்டால் ஆகமாட்டாய்."

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "அப்ப, கேக்கிற வரைக்கும் வாசிக்கிறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் தகப்பன் சொல்லில் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விட்டால் பிறகு வீடு என்ன வீடு. நோயைச் சொல்லிவிட்டேன், மருந்தும் கொடுக்கத்தானே வேண்டும். இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினேன். கிற்றாரின் சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்கும்படி அமைத்தேன். காது வலித்தால் தானாக விட்டுவிடுவாள் என்பதுதான் என் கணக்கு.

வலிக்குது என்றாள். புதிதாகப் போடுகிற எல்லோருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்றேன். கடையில் எல்லோருக்கும் சொல்வதுதான். அவள் பழகினாள். கிற்றாரை விடவில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூட்டினேன், ஒரேயடியாக இல்லை. வாசிக்கும்போதும் கழற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். வேறு இடத்தில் காட்டுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டிலேயே காது டொக்டர் இருக்கும்போது ஏன் வெளியே போகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. யோகராணி வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தாள்.

நான்காம் மாதம், "அப்பா, கழட்டினா நல்லாக் கேக்குதே," என்றாள். மூளை அப்படி ஏமாற்றும் என்று விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து அவளுடைய பார்வை வேறு. கருவியை நான் கணினியோடு இணைத்துத் திருத்தும்போது திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் தேத்தண்ணி எடுக்கப் போன நேரத்தில் தன் கைத்தொலைபேசியில் அந்தத் திரையைப் படம் எடுத்தாள். கண்ணாடிக் கதவில் தெரிந்தது. நானும் காணாதவன் போல இருந்தேன். ஒரே மேசையில் சோறு தின்றுகொண்டு ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. அவள் என்னைச் சந்தேகிப்பது நன்றிகெட்ட செயல் என்று நினைத்தேன். அந்த மாதம் வழமையைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கூட்டினேன்.

பதினான்காம் மாதம், கழற்றினாலும் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு காதிலும் ஓயாத ஒரு கூவல் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. மெலிசாவின் தாய்தான் அவளை நகரத்தில் ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். கருவி தன் அளவுகளை மாதவாரியாகப் பதிந்து வைத்திருக்கும். அந்த மருத்துவருக்கு எல்லாவற்றையும் வாசித்தறிய அரைமணி நேரம்கூட எடுக்கவில்லையாம்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஓம். தாளை மாற்றியது நான். கருவியைக் கூட்டியதும் நான், பதின்மூன்று தடவை. கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் செய்தேன். தெரியாது என்று சொன்னால் என் தொழிலுக்கு இழுக்கு. அட்சயாவின் காது இனித் திரும்பாது என்பதும் எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது மில்லிக்கனில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருக்கிறேன். மகளோடு பேசக்கூடாது என்று உத்தரவு. அது நியாயமா என்று நான் வாதாட வரவில்லை. விசாரணை நாளில் அவளும் வருவாள் என்று சொன்னீர்கள். பேச விட்டால், தயவுசெய்து அவளை என் வலப்பக்கத்தில் இருத்துங்கள். அவளுக்கு இடக்காதுதான் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. நான் மெதுவாகத்தான் பேசுவேன். பிள்ளையிடம் ஒருநாளாவது குரலை உயர்த்திய தகப்பன் இல்லை நான்.