காபி பாய்லரும் என் அம்மாவின் பையும்

கையில் சுத்தியலும் கண்ணில் கண்டிப்புமாக இந்த மண்டபச் சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் திருமதி வெர்னா ஸ்டாட்னிக் அவர்களே, இந்த ஊரின் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு இழவுக்கும் முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டித் தந்து ஓய்ந்த கைகளோடு வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, ஹாக்கி ஆட்டத்தைக் கைபேசியில் ஒரு கண்ணால் பார்த்தபடி பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் பின்னால் கதவோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே, உங்கள் அனைவருக்கும் நம் ஊர் மார்ல் க்ரீக்கின் மைனஸ் முப்பது டிகிரி வணக்கம்.

பத்தாம் வகுப்பை முடிக்காமல் அம்மாவோடு வாளி தூக்க வந்தவள் நான். உங்களில் பலர் என் குரலை இன்றுதான் கேட்கிறீர்கள். உங்கள் அடுப்பின் பின்புறத்தை மட்டும் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என்ன ஐயா? சத்தம் போதவில்லையா? சரி, கூட்டுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலின் நான்காவது வரி என்ன சொல்கிறது? மண்டபத்தைத் துப்புரவு செய்யும் வேலையிலிருந்து கொலீன் டர்கன் என்கிற என் அம்மாவை நீக்க வேண்டும் என்கிறது. என்ன குற்றத்துக்காக? ஊரில் கரப்பான் பூச்சி வந்துவிட்டது. அம்மா பல வீடுகளில் வேலை செய்கிறாள். ஆகவே அவள் பையில்தான் கரப்பான் வீடு வீடாகப் பயணம் செய்கிறது. தீர்ப்பு முடிந்தது. விசாரணை எங்கே?

டோரீன் ஆன்ட்டி, தலையைக் குனிய வேண்டாம். உங்களை எல்லோரும் மெச்சுவார்கள், நானும் மெச்சுகிறேன். கடுகு விழுந்தால்கூடக் கண்ணில் படுகிற சமையலறை உங்களுடையது. போன மாதம் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு என்ன சொன்னீர்கள்?

"கொலீன், தப்பா எடுத்துக்காத. நாங்க சுத்தமா இருக்கிறவங்க. இது எங்க வீட்டுப் பூச்சி இல்ல. உன் பையோடதான் வந்திருக்கு."

அம்மா என்ன சொன்னாள்? "சரிங்க" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த வாரம் இன்னொரு வீடு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. எல்லா வீட்டிலும் அதே பேச்சு, அதே "சரிங்க". கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நாங்கள் சுத்தமானவர்கள், நாங்கள் சுத்தமானவர்கள் என்கிறீர்களே, கரப்பான் உங்கள் தரையின் பளபளப்பைப் பார்த்தா குடிவருகிறது? அதற்கு வேண்டியது என்ன? கொஞ்சம் வெப்பம், கொஞ்சம் ஈரம், விரல் நுழையாத ஒரு விரிசல், ஒரே ஒரு துணுக்கு. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் வெப்பம் தருகிறது. தொட்டிக்கு அடியில் சொட்டும் குழாய் ஈரம் தருகிறது. கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கடுக்காக நீங்கள் சேர்த்து வைக்கிறீர்களே, அந்த அட்டையின் மடிப்பு மாளிகை தருகிறது. தேய்த்துத் தேய்த்துத் தரை தேயலாம். அதன் குடும்பம் தேயாது.

சரி, எப்படி வந்தது? இந்த ஊரில், இந்தக் குளிரில், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கரப்பான் நடந்து போக முடியுமா? பாதி வழியில் விறைத்துச் செத்துவிடும். யாரோ தூக்கித்தான் போக வேண்டும். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அம்மாவின் பை எங்கே தூங்குகிறது? எங்கள் வேனில். ஒவ்வோர் இரவும், வெளியில், இந்த மைனஸ் முப்பதில். காலையில் துடைக்கும் துணி பலகைபோல் நிற்கும். அதை வளைக்க எனக்குக் கால்மணி நேரம் ஆகும். அந்தப் பையில் எந்தக் கரப்பான் உயிரோடு இருக்கும்?

இன்னொன்று. அம்மா வாரம் தவறாமல் போகும் ஒரு வீட்டில் மட்டும் கரப்பானே இல்லை. எல்டன் ஃப்ரீசன் ஐயாவின் வீடு. மன்னிக்க வேண்டும் ஐயா, உங்கள் பாத்திரத் தொட்டியைப் பற்றி ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"சொல்லு புள்ள, உள்ளதத்தான சொல்ற" என்கிறார். நன்றி ஐயா. மூன்று நாள் தட்டுகள், நான்கு நாள் வாணலி, நாற்காலிக்கு அடியில் ரொட்டித் துண்டு. ஊரிலேயே மோசமான சமையலறை. அதே அம்மா, அதே பை, அதே வாளி. ஒரு கரப்பான்கூட இல்லை. ஏன்?

எல்டன் ஐயா காபி குடிப்பதில்லை. தேநீர்தான்.

சிரிக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பொதுவில் நமக்கு ஒரு காபி பாய்லர் இருக்கிறது. அறுபது கோப்பை பிடிக்கும். இழவு வீட்டுக்கு அதுதான், வளைகாப்புக்கும் அதுதான். இந்தக் குளிர்காலத்தில் அது ஏறாத படி உண்டா? அதை எப்படிக் கொண்டுபோகிறோம்? அதன் பழைய அட்டைப்பெட்டியில் வைத்து, குளிரில் கெட்டுவிடக் கூடாதென்று கனத்த போர்வை சுற்றி, காரைச் சூடாக்கி, முன்சீட்டில் குழந்தைபோல் உட்காரவைத்து. திருப்பித் தரும்போது வெறுமனே தருவோமா? அது மரியாதை இல்லையே. நன்றிக்காகப் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழ கேக். துணுக்கு உதிர்ந்தால் யார் பார்க்கிறார்கள்?

வெப்பம், ஈரம், அட்டை, இனிப்பு. கரப்பானுக்கு நாமே வண்டி கட்டி, போர்வை போர்த்தி, பலகாரமும் கொடுத்து ஊர்வலம் விட்டிருக்கிறோம். பழி மட்டும் என் அம்மாவுக்கு.

"அதெப்படிம்மா, அத நாந்தான் தொடச்சு வைக்கிறேன்" என்கிறீர்களா, தலைவர் அவர்களே? உண்மை. பாய்லரின் வெளிப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இருக்கிறது. ஆனால் அதன் அட்டைப்பெட்டி காலியாக உங்கள் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை, தொட்டால் நானே கொண்டுவந்து போட்டேன் என்பீர்கள். நீங்களே எடுங்கள். அந்த வெள்ளை விரிப்பின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

தட்டுங்கள்.

பார்த்தீர்களா, விரிப்பு முழுக்கக் கரப்பான்! உட்காருங்கள், உட்காருங்கள். யாரும் மேசைமேல் ஏற வேண்டாம். கையில் கோப்பை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், பாய்லரில் நன்றாகக் கொதித்த காபிதான்; இனி ஊற்றிக்கொள்ள மட்டும் வேண்டாம்.

இப்போது மண்டபம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிதான் நம்முடைய நோய். முதலில் பார்த்த வீடு வாயைத் திறந்திருந்தால் அந்த வாரமே முடிந்திருக்கும். "நம்ம வீட்டுலயா, வெளிய சொன்னா என்ன நெனைப்பாங்க" என்று மூடி வைத்தோம். பாய்லரையும் மூடி அடுத்த வீட்டுக்கு அனுப்பினோம்.

என்ன சொன்னீர்கள், தலைவர் அவர்களே? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"என் வீட்லயும் இருக்கு கண்ணு. நவம்பர்லேர்ந்து. யார்ட்டயும் சொல்லல."

நன்றி. வேறு யார் வீட்டில்? கையை மட்டும் தூக்கினால் போதும். டோரீன் ஆன்ட்டி. அங்கே இருவர். பின்வரிசை முழுவதுமா? சரி, இறக்குங்கள், எனக்கே கை வலிக்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். பெட்டியை இன்றே எரியுங்கள். பாய்லரில் தண்ணீரை வடித்துவிட்டு ஒரு வாரம் வெளியில் வையுங்கள். நம்மைப் படுத்தும் குளிர் ஒருமுறையாவது நமக்கு வேலை செய்யட்டும். வீட்டில் அட்டைப்பெட்டி சேர்க்காதீர்கள். சொட்டும் குழாயை இறுக்குங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். கண்ட இடத்தில் மருந்து அடிக்காதீர்கள். அடித்தால் சிதறி அடுத்த அறைக்குத்தான் போகும். அலமாரிக் கதவுக் கீல் ஓரம் விஷப்பசையைப் பொட்டுப் பொட்டாக வையுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.

நான்காவது வரிக்கு வாக்கெடுப்பு வேண்டுமா, தலைவர் அவர்களே? அதைப் பேனாவால் அடிக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. டோரீன் ஆன்ட்டி எழுந்து கதவோரம் இருக்கும் என் அம்மாவிடம் நடக்கிறார். போகட்டும், அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அம்மா, எல்லா வீட்டிலும் "சரிங்க" என்றாய். இங்கே மட்டும் உடனே சொல்லாதே. அவர் மன்னிப்புக் கேட்டு முடிக்கட்டும். அதற்குள் அந்தக் கோட்டைக் கழற்றி மாட்டு.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பதறியும் வெளியேறாத தாய்மார்களுக்கும், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்ட பின்வரிசைக்கும் என் நன்றி. இன்று எல்லோருக்கும் எல்டன் ஐயாவின் தேநீர். கோப்பைகளை மட்டும் நான் கழுவித் தருகிறேன். வணக்கம்.