நாத்தனார் முடிச்சு

"எங்கண்ணன் அக்காவானதுல எனக்குத்தான், புள்ள, நட்டம்."

பந்தலூர் பேருந்தில் என் முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை பார்க்கிற தோழிகள் இருவர். நான் உறங்குவதுபோல் நடித்தேன். எனக்கு நன்றாக வரும் நடிப்பு அது ஒன்றுதான்.

"உனக்கென்ன நட்டம், சரசு?"

"தம்பி கல்யாணத்துல நாத்தனார் முடிச்சு நான் போடறதா இருந்துது. இப்ப ரேணுகாதான் மூத்த அக்காவாம், அவதான் போடோணும்னு தம்பியே சொல்லிப்போட்டான். எனக்கு ஆரத்தித் தட்டாம்."

"அவளைப் பொம்பளையா ஒத்துக்கச் சொல்லி ஊட்டுல சண்டை போட்டதே நீதானே?"

"போட்டேன். அது இங்க வந்து நிக்கும்னு ஆரு கண்டா?"

என் கல்யாணத்தில் அந்த முடிச்சுக்காக என் அக்காக்கள் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எனக்கும் லேசாகப் பொறாமை தட்டியது.

தோழி குரலைத் தாழ்த்தினாள். "கவர்மெண்டே திருநங்கைன்னு கார்டு குடுத்தும், உங்க பெரியப்பன் இன்னும் அவளை ஆம்பளைங்கறாரு. நீயும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. முடிச்சு உனக்கே வந்துரும்."

சரசு சட்டென்று திரும்பினாள்.

"இன்னொருக்கா அப்படிச் சொல்லாத. அவ எங்கக்கா. அக்கா இல்லாட்டி எனக்கு எதுக்கு புள்ள இப்படி வயிறு எரியப் போகுது?"