லைட்டு எரிஞ்சது நெசந்தானுங்க

இல்லைங்க சார், லைட்டு எரிஞ்சது நெசந்தான். அதுல வெல்பேர் ஆபீசர் பிராங்ளின் பொய் சொல்லல. எங்க மேனேஜர் தொரையோட லேப்டாப்புல, மேல் வரிசையில மைக்குப் படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்குதுங்களே, அத அமுக்குனா செவப்பா ஒரு லைட்டு எரியும். அன்னைக்கும் எரிஞ்சுச்சு. மைக்குத்தான் நிக்கல. ரெண்டும் வேற வேறைங்க. அதத்தான் நானும் அப்பப் புடிச்சுச் சொல்லிட்டிருக்கறேன், ஒருத்தருக்கும் வெளங்க மாட்டேங்குது.

அந்த ஜன்னலச் சாத்திரட்டுங்களா? மிஸ்ட்டு உள்ள வருது, நீங்க எழுதற பேப்பரெல்லாம் நமுத்துப் போயிரும். கோயமுத்தூர்ல இருந்து என்கொயரிக்குன்னு மலையேறி வந்திருக்கீங்க, ஸ்வெட்டர் கூடப் போடாம.

மொதல்ல இருந்தே சொல்றேன். நான் இங்க எஸ்டேட் டீ பேக்டரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். விஜயன், ஒம்பது வருசமா டெம்ப்ரவரி, அதெல்லாம் உங்க சார்ஜ் ஷீட்லயே இருக்கும். இந்த வருசம் ஹெட் ஆபீஸ்ல எல்லா லேப்டாப்புலயும் விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குடுத்தாங்க. நல்ல சிஸ்டந்தான், குத்தம் சொல்ல மாட்டேன். தொரை லேப்டாப்பு மட்டும் மொரண்டு புடிச்சிருச்சு. சத்தம் கூட்டறது, கொறைக்கறது, வெளிச்சம், மைக்குன்னு மேல் வரிசைப் பட்டன் அத்தனையும் செத்துக் கெடந்துச்சு. ஸ்கிரீன் வேற ஒரே மங்கல். தொரை மூக்கு இடிக்கற மாதிரி குனிஞ்சு பாப்பாரு, பாவமா இருக்கும்.

அதச் சரி பண்றது சும்மா இல்லைங்க. ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ள ஒரு நம்பர் உண்டு. அமுக்குனா நம்பர் வரும். அதக் குறிச்சு வெச்சு, இந்த நம்பர் வந்தா இந்த வேலையச் செய்யின்னு ஒரு பைல்ல எழுதோணும். சில பட்டன் நம்பரே குடுக்காது. இது என்ன பட்டன்னே தெரியலையேன்னு சிஸ்டம் கைய விரிச்சுரும். அதுக்கு வேற எடத்துல போய்த் தோண்டோணும். இலை எடைச் சீட்டுக்குப் பின்னாடி நம்பரா எழுதி எழுதி மூணு வாரம் ஆச்சு. பெருமைக்குச் சொல்லலைங்க, இந்த ஒம்பது வருசத்துல எனக்கே எனக்குன்னு ஆசைப்பட்டுச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

லைட்டுங்களா? அது பிராங்ளின் கேட்டது. இப்ப வெல்பேர் ஆபீசரா இருந்தாலும் சின்ன வயசுல இந்த பேக்டரிக்குள்ளதான் சுத்திட்டிருப்பான். இலை உருட்டற மிஷின்ல செவப்பு லைட்டு எரிஞ்சா மிஷின் நின்னிருச்சுன்னு அர்த்தம், தைரியமா உள்ள கைய உடலாம். இங்க எல்லாருக்கும் அது ரத்தத்துல ஊறுன பழக்கம். உன்ற நம்பர் கதையெல்லாம் எனக்கு வேண்டாண்டா, மைக்கு நின்னா செவப்பு லைட்டு எரியோணும், அது போதும்னான். போட்டுக் குடுத்தேன். அவன் முன்னாடியே அமுக்கியும் காட்டுனேன், அன்னைக்கு மைக்கும் நின்னுச்சு.

ஆபீசர அவன் இவன்னு பேசறேன்னு பாக்கறீங்களா? ஒரே லயத்துல, எஸ்டேட் லைன் ஊட்டுல, பொறந்தவங்க சார் நாங்க. அடுத்தடுத்த ஊடு. எங்கம்மா பேரு சின்னம்மை, சிலோன் தோட்டத்துல இருந்து சின்னப் புள்ளையில கப்பலேறி வந்துச்சு. முப்பத்தெட்டு வருசம் இங்க கொழுந்து பறிச்சுச்சு. பிராங்ளினோட அம்மா ஆஸ்பத்திரியில கெடந்த வருசம் பூரா அவன் எங்க ஊட்லதான் சோறு தின்னான். எங்கம்மா தேங்கா ரொட்டி சுட்டு, சம்பல் இடிச்சு, மொத ரொட்டிய அவன் தட்டுலதான் போடும். எனக்கு ரெண்டாவதுதான். அதுக்கு நான் அழுதிருக்கறேன்.

ரிட்டயர் ஆனவங்க லயத்துல இருக்கக்கூடாதுங்கறது எஸ்டேட் ரூலுங்க. புள்ளைங்க யாராவது பர்மனெண்டா இருந்தா ஊட்ட அவங்க பேருக்கு மாத்திக்கலாம். எங்கம்மா ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம் ஆச்சு, நான் டெம்ப்ரவரி. பிராங்ளின் எங்க ஊட்டு அடுப்படியில உக்காந்துதான் சொன்னான். நீ கவலப்படாதம்மா, இவன பர்மனெண்ட் பண்ணி ஊட்ட இவன் பேருக்கு மாத்தறது என்ற பொறுப்புன்னான். எங்கம்மா அவன் தலையத் தடவிக் குடுத்துச்சு. நம்பாம என்ன பண்றது, சொல்லுங்க.

லிஸ்டுக்குத்தான் வர்றேன், அவசரப்படாதீங்க. போன ஜனவரியில பிராங்ளின் வந்து, ரிட்டயர் ஆனவங்க இருக்கற ஊட்டையெல்லாம் ஒரு லிஸ்ட் போடு, மழைக்கு முன்னாடி கூரை மாத்தித் தர்றோம்னான். மொத்தம் இருபத்திரண்டு ஊடு. நான்தான் ஏறி எறங்கி விசாரிச்சு டைப் பண்ணேன். எங்க ஊட்ட மொதல்ல போட்டேன். சுயநலந்தான், ஒத்துக்கறேன். எங்க தகரந்தான் ரொம்ப ஒழுகுது.

வியாழக்கெழம ஹெட் ஆபீஸ் டைரக்டர் ஆன்லைன்ல தொழிலாளிக கூடப் பேசறதா ஏற்பாடு. பெரட்டுல, அதான் காலைல ஆளுகளுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கற எடத்துல, என்ற லேப்டாப்புல பெரிய ஸ்பீக்கர மாட்டி வெச்சிருந்தேன். பொம்பளைங்க அறுபது எழுபது பேரு. ரிட்டயர் ஆனவங்களையும் வரச் சொல்லியிருந்தாங்க, எங்கம்மா மொத வரிசையில உக்காந்திருந்துச்சு. ஆபீஸ்ல இருந்து தொரையும் பிராங்ளினும் தொரை லேப்டாப்புல அதே மீட்டிங்குல இருந்தாங்க. டைரக்டர் இன்னும் லைனுக்கு வரல. பிராங்ளின் குனிஞ்சு பட்டன அமுக்குனத நானே ஸ்கிரீன்ல பாத்தேன். அமுக்கிட்டு, லைட்டையும் ஒருக்காப் பாத்துட்டு, சாஞ்சு உக்காந்தான்.

சின்னம்மை ஊட்ட மொதல்ல காலி பண்ண வெச்சுரலாங்க தொரை, மத்ததுக தானா எறங்கிருங்க. விஜயன் வாயத் தொறக்க மாட்டான். லிஸ்டே அவன் டைப் பண்ணதுதான, அவங்கம்மா பேர மொதல்ல போட்டதும் அவன்தான். இதாங்க அவன் சொன்னது. ஸ்பீக்கர்ல கணீர்னு வந்துச்சு. சொல்லிட்டுச் சிரிச்சான் வேற.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பக்கத்து ஊட்டு ஆயம்மாள் கூடையத் தூக்கி எறிஞ்சுட்டு ஆபீசப் பாத்து நடந்துச்சு, பின்னாடியே எல்லாரும் போனாங்க. மூணு நாள் ஒருத்தரும் கொழுந்துல கை வெக்கல. இப்போதைக்குக் காலி பண்றத நிறுத்தி வெச்சிருக்காங்க.

அப்படீங்களா? டெக்னிக்கல் கோளாறுன்னு எழுதிட்டா வார்னிங்கோட உட்ருவாங்களா? யூனியன்லயும் அதத்தான் சொன்னாங்க. நல்ல மனுசனுங்க நீங்க. ஆனா அது கோளாறு இல்லைங்க.

அந்த வியாழனுக்கு முந்துன செவ்வாக்கெழம மத்தியானம், தொரை சாப்பிடப் போயிருந்த நேரம், வெளிச்சத்துப் பட்டனுக்கு நம்பர் மாட்டுச்சு. மூணு வாரமா ஆட்டங்காட்டுன பட்டன். அமுக்க அமுக்க மங்கலாக் கெடந்த ஸ்கிரீன் பளிச்சுன்னு ஆகுது. எனக்குச் சந்தோசம் தாங்கல. தொரை ஒரு பைலத் தொறந்து வெச்சுட்டுப் போயிருந்தாரு, அது இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது. என்ற லிஸ்டுங்க. இருபத்திரண்டு ஊடும் நான் போட்ட அதே வரிசையில. தலைப்ப மட்டும் மாத்தியிருந்தாங்க. கூரை மாத்த வேண்டிய வீடுகள்னு நான் போட்டிருந்தேன், காலி செய்ய வேண்டிய வீடுகள்னு இருந்துச்சு. அடியில பிராங்ளின் பேரு.

நான் பட்டன் நம்பரெல்லாம் எழுதி வெச்ச பைல்ல மைக்குப் பட்டனுக்கு ரெண்டு வரிங்க. ஒண்ணு மைக்க நிறுத்தும், இன்னொண்ணு லைட்டப் போடும். மொத வரிய எடுத்துட்டேன். அவன் என்ன பேசுவான், பேசுவானா மாட்டானான்னு எனக்கென்ன தெரியும்? நான் மூஞ்சியப் பாத்து நம்புனேன், அவன் லைட்டப் பாத்து நம்பட்டும்னு இருந்துச்சு.

ஏனுங்க சார், பேனாவ மூடிட்டீங்க? எழுதுங்க. வேலை போயிரும்னு தெரிஞ்சுதான் சொல்றேன். எங்கம்மா அன்னைல இருந்து என்கூடப் பேசறதில்லைங்க. நான் தெரிஞ்சேதான் டைப் பண்ணேன்னு நெனச்சுட்டிருக்குது. எத்தன தடவ சொல்லியாச்சு. ரொட்டியத் தட்டுல வெச்சுட்டு மூஞ்சியக் கூடப் பாக்காம எந்திரிச்சுப் போயிருது. கூரைக்குன்னு சொல்லித்தான் என்கிட்ட லிஸ்ட் வாங்குனாங்கன்னு எழுதிக்கங்க. செவ்வாக்கெழமதான் எனக்குத் தெரிஞ்சுச்சு, தெரிஞ்ச அன்னைக்கே அந்த வரிய எடுத்தேன்னு எழுதிக்கங்க. அந்தப் பட்டன் பைலப் பாத்தா தேதி, மணி எல்லாம் இருக்கும்.

சீல் வெச்சு எனக்கு ஒரு காப்பி குடுப்பீங்கல்ல? எங்கம்மாளுக்குப் படிச்சுக் காட்டோணும்.