பெரிய போலர் என்று சொல்லப் போனவர்

களுதாவளையில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் ஆசனத்தில் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் நான்கு சீப்பு வாழைப்பழம்.

"இண்டைக்கு மட்டும் அந்தக் கிரிக்கெட்காரன் பெரிய போலர் எண்டு சொல்லிருங்க மச்சான்," என்று இளையவர் கெஞ்சினார். நான் பத்திரிகையை மடித்தேன்.

"விக்கெட் எடுத்தான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா ஒருநாள் மெச்சில ஓட்டத்தக் கட்டுப்படுத்தணுமே. கடைசி ஓவருகள்ல அள்ளிக் குடுத்தானே."

"இதத்தான் போன கிழமை மாப்பிளட தகப்பன்ட்டயும் சொன்னீங்க. நம்மட வீட்டுக்கு வந்த மனுசன் தேத்தண்ணியும் குடிக்காம எழும்பிப் போனாரு."

"அவர்தானே கேட்டாரு."

"அவர்ர வீட்டுச் சுவரில அந்தப் போலர்ட படம் தொங்குது. உங்கட மகளுக்கு அவர்ர மகனத்தான் புடிச்சிருக்கு. அண்டையிலிருந்து அவள் ஒழுங்காச் சாப்பிடல்ல. அதுக்குத்தானே இப்ப அவர்ர வீட்டுக்குப் போறம்."

காத்தான்குடி நெரிசலில் பஸ் நின்றபோது, மூத்தவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அவன் பெரிய போலர்தான்." இரண்டாம் தடவை இன்னும் மோசமாக வந்தது.

"டெஸ்ட்லயா, ஒருநாள்லயா எண்டு கேட்டா?"

"ரெண்டிலயும் எண்டுங்க."

"ஓவருக்கு எவ்வளவு குடுத்தான் எண்டு கேட்டா?"

"அவர் அதக் கேக்கமாட்டாரு மச்சான், நீங்கதான் கேப்பீங்க. அப்பிடி வாயில வந்தா, தட்டில இருக்கிற பலகாரத்த எடுத்து வாயில போடுங்க."

நாவற்குடாவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள்; இன்னும் இரண்டு பஸ் தரிப்பிடங்கள்தான். எனக்கே பதற்றமாக இருந்தது.

நாவற்குடாவில் இறங்க எழுந்தார்கள். படியில் நின்று மூத்தவர் கேட்டார்.

"பலகாரம் முடிஞ்சா?"