சோதனையில் எதுவும் சிக்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, நகைப் பட்டறை முதலாளி அவர்களே, சிரிப்பண்ணனை இழந்து முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி, நம் அண்ணி அவர்களே, என்னோடு உழைக்கும் தோழர்களே, வணக்கம்.

துடைப்பம் பிடித்து நம் பட்டறைத் தரையைப் பெருக்கியவர் சிரிப்பண்ணன். வாசல் காவலாளியாக நின்று பதினாறு ஆண்டுகள் அவரைச் சோதித்தவன் நான். இங்கே நின்று அவரைப் புகழ எனக்கு என்ன தகுதி? ஒரு தகுதியும் இல்லை. கடைசிவரை அவரைச் சந்தேகப்பட்டவன் நான் என்பதை அண்ணியின் முன்னால் சொல்லிவிடத்தான் வந்தேன்.

நம் பட்டறையில் தரைத்தூசியிலும் தங்கம் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் எல்லோரும் தொட்டியில் கைகால் கழுவுகிறோம். அந்தத் தண்ணீரையும் வடிகட்டுகிறார்கள். அப்பேர்ப்பட்ட தூசியை நாள் முழுக்கப் பெருக்குகிறவர், பிய்ந்த செருப்போடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனால் நான் என்ன நினைப்பேன்?

"என்னண்ணே, புதையல் ஏதாவது கிடைச்சுதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிடைச்சுது தம்பி. இயேசு கிடைச்சாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே கைவரிசை காட்டியவர்களைப் பிடித்தவன் நான். என்னிடமா இந்தக் கதை? வாயை மூடிக்கொண்டே ஞானப்பாட்டு முணுமுணுப்பார். கன்னத்தில் எதையோ அடக்கியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். "வாயைத் திறந்து பாடுங்க" என்றேன். அன்றிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி பாடினார். சுருதி சேரவே சேராது. தண்டனை நமக்குத்தான்.

போன வருடம் எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை. குனிய முடியாது. சோதிக்கிறவனும் கால் கழுவிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கேட்காமலே அவர் என் முன்னால் மண்டியிட்டார். விரலிடுக்கு விடாமல் கழுவினார். இரண்டு மாதம், தினமும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் காலில் ஒட்டிய தூசியைச் சுருட்டுகிறாரோ என்று அவர் கைகளையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது, அவர் சட்டைப் பைக்குள் என் கை தானாகப் போனது. அண்ணி பார்த்துவிட்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் கோபப்படவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்க தம்பி. அவரு எதையும் எடுத்துட்டுப் போகல" என்றார்.

தோழர்களே, சிரிப்பண்ணன் கள்ளமில்லாதவர். வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியதைப் பதினாறு ஆண்டுகள் கழித்துச் சொல்கிறேன். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவருடைய பை, வாய், விரலிடுக்கு எல்லாவற்றிலும் தேடினேன். அவரே சொன்ன இடத்தில் மட்டும் நான் தேடவில்லை.

அவர் விட்ட வேலை ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளை மாலை முதல், குனிய முடியாதவர்கள் தொட்டியருகே வந்து நில்லுங்கள். நான் மண்டியிட்டுக் கழுவிவிடுகிறேன். இவனுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். படுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.