உரிமம் படித்ததாகச் சொன்னவர்

என் பெயர் ஷீலா. வயது 36. தகப்பனார் பெயர் மண்ணாங்கட்டி. ஆதம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, அடையாறில் ஒரு தனியார் அலுவலகத்தில் மென்பொருள் பொறியாளராக வேலை செய்து வருகிறேன். பதிப்புரிமை மீறல் வழக்கில் என் பெயர் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், காவல் ஆய்வாளர் அவர்கள் முன்பாக ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

பெரிய ஒலிப்பதிவுகளைச் சிறிய கோப்புகளாக மாற்றும் 'சிட்டு' என்ற மென்பொருளை நான் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுத்து வருகிறேன். யாரும் அதைத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், கூடுதல் நிபந்தனை எதுவும் போடக் கூடாது என்பது அதன் உரிமம். மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன் என்பவர் ஆரம்பம் முதல் என்னுடன் சேர்ந்து இதை வெளியிட்டு வந்தார். துணை மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுப்பைத் தயாரித்து, உள்ளே வரும் ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் சரி என்ற பிறகு என் டிஜிட்டல் கையொப்பம் போட்டு வெளியிடுவது என் வேலை.

ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஒலிச்சுருக்கி, அதாவது என்கோடர் என்னும் துணை மென்பொருள், உண்டு. ஒலி துல்லியமாக இருக்கும். ஆனால் அதைப் பிறருக்குக் கொடுக்க அந்த நிறுவனத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த நிபந்தனை என் உரிமத்தோடு ஒத்துப்போகாது. ஒருவர் இரண்டையும் தன் கணினியில் இணைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே தொகுப்பாகக் கட்டி அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. அப்படி இணைத்தால் "இத்தொகுப்பைப் பிறருக்கு வழங்கக் கூடாது" என்று திரையில் எச்சரிக்கை வரும்படி நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

கடந்த மார்ச் மாதம் அவர் புதிய தொகுப்பை அனுப்பிவிட்டு, போனில், "லைசென்ஸெல்லாம் பாத்துட்டேன் ஷீலா, நீ சைன் பண்ணிடு" என்றார். நானும் வழக்கம்போல் போட்டேன். அதன் பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்து, 'சிட்டு'வைப் பயன்படுத்தி வரும் ஹஸன் போன் செய்து, "இன்னாக்கா, அந்த கம்பெனி என்கோடரு உள்ள கீது, வார்னிங்கே வர்ல?" என்று கேட்டார். நான் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தபோது ஒலிச்சுருக்கி இருந்தது, என் எச்சரிக்கை வரி இல்லை. தெரியாமல் சேர்த்தவர் அந்த வரியைத் தேடிப்போய் அழித்திருக்க மாட்டார். தொகுப்பை உடனே இணையத்திலிருந்து இறக்கினேன்.

அதன் பிறகு மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மெதுவா பேசு, ஆத்துல எல்லாரும் இருக்கா" என்றார். தி.நகரில் ஒலிப்பாடம் விற்கும் ஒரு நிறுவனம் அந்தத் துல்லியத்தைக் கேட்டதாகவும், அங்கே தனக்கு ஆலோசகர் பதவி வருவதாகவும் சொன்னார். பிறகு, "உன் கையெழுத்து இருந்தா யாரும் தொறந்து பாக்க மாட்டா. அவ்ளோ நம்பிக்கை உன் மேல எல்லாருக்கும்" என்றார். பாராட்டுவது போலத்தான் சொன்னார். அவர் மனைவி கொண்டுவந்த காபியை நான் தொடவில்லை.

அதற்குள் ஒலிச்சுருக்கியின் உரிமையாளர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணையில் ஸ்ரீனிவாசராகவன், தான் வெறும் யோசனை சொன்னவர் என்றும், தொகுத்து வெளியிட்டது முழுக்க நான்தான் என்றும் கூறியிருப்பதாக இன்று தெரிந்துகொண்டேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதைத்தான் எனக்குச் செய்திருக்கிறார். வயிறு எரிகிறது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களே படித்துப் பார்க்காமல் ஏன் கையொப்பம் போட்டீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, அவர் படித்ததாகச் சொன்னார், அதனால் போட்டேன் என்று பதில் சொன்னேன்.

மேலே கண்டவை யாவும் உண்மை. இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டுவதாகக் காவலர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படித்த பிறகு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ம. ஷீலா