நக்கிப் பார்த்த குதிரை

"மச்சான், குதிரைட வயித்த நக்கிப் பாத்தன். சாயம் நாக்கில ஒட்டவே இல்ல!"

சண்டைக்காலத்தில் ஒரு நாள், குறுமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடக்கும் தோணியில் இதைக் கேட்டுத் திரும்பினேன். சொன்னவரின் மடியில் ஒரு சாண் உயர மரக்குதிரை. வெள்ளை உடம்பு, சிவப்புச் சேணம், எல்லாம் பிசினும் தண்ணீரும் விட்டுக் குழைத்த சாயம். கோயிலுக்குக் கொடுக்கப்போகும் சின்னத் தேரில் பூட்டுவதற்காம். பக்கத்தில் அவருடைய மச்சான், கையில் பூசி மிஞ்சிய அரக்குப் போத்தலோடு.

"நான் சொன்னன்தானே? நீ வண்டிக்குப் பூசிற வார்னிஷ் வாங்கப் போனாய். அது வெள்ளைக் குதிரைய மஞ்சளாக்கிப் போடும்."

"ஓம் மச்சான், இஸ்பிரித்தில கரைச்ச அரக்குத்தான் சரி. வயித்தில பூசிப் பாத்திட்டு, இப்ப உடம்பு முழுக்கப் பூசிட்டன்."

"தண்ணி பட்டாலும் நிக்குமா?"

குதிரைக்காரர் வாவியில் கையை நனைத்து, குதிரையின் முகத்தில் தெளித்தார்.

"பாரு, பாரு! ஒரு சொட்டும் ஒட்டல்ல, உருண்டு ஓடுது!"

தோணியே எட்டிப் பார்த்துச் சிரித்தது. தண்டு வலித்தவர்கூட நிறுத்திவிட்டார். போத்தல்காரர் மட்டும் குதிரையின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

"மச்சான், கண் எங்க?"

"கண் கடைசியாத்தானே திறக்கிற. நாளைக்குக் கோயில்ல வச்சு ஆசாரியார் எழுதுவார்."

"எந்தச் சாயத்தில?"

"இதே பிசின் சாயத்திலதான்…"

சொல்லிக்கொண்டே அவர் குதிரையின் முகத்தைப் பார்த்தார். கண் இருக்கவேண்டிய இடத்திலிருந்து கடைசிச் சொட்டும் உருண்டு விழுந்தது.